கடைக் கணக்கிலிருந்து கலாநிதிப் பட்டம் வரை

பிள்ளை கெட்டிக்காரன் என்றால் டாக்டர் அல்லது இன்ஜினியர், இல்லாவிட்டால் கடையில் உட்காரட்டும். எமது வர்த்தகக் குடும்பங்கள் பேசுவது இந்த இரண்டு வழிகளை மட்டும்தான். எமது தொழிலிலிருந்தே பிறந்த மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது.

எங்கே கொள்வனவு செய்வது, எவ்வளவு இருப்பு வைப்பது, எந்த லொறியை எந்தப் பாதையால் அனுப்புவது என்று நாம் அனுபவத்தால் தீர்மானிக்கிறோம். அதையே கணிதத்தாலும் கணினியாலும் ஆராய்வதுதான் விநியோகச் சங்கிலிப் பகுப்பாய்வு. வெள்ளம், சுனாமி போன்ற காலங்களுக்கு அதே கணக்கைப் போடுவது அனர்த்த விநியோக ஆய்வு. வித்தியாசம் ஒன்றுதான். எமக்குச் சரக்குப் பிந்தினால் இலாபம் போகும். அங்கே உயிர் போகும்.

இத்துறையின் முன்னோடி, பிரான்ஸிலுள்ள இன்சியாட் வர்த்தகக் கல்லூரிப் பேராசிரியர் லூக் வான் வாசென்ஹோவ். நிவாரணப் பணியில் சுமார் 80 சதவீதம் பொருளைக் கொண்டுசேர்க்கும் வேலையே என்று 2006 இல் அவர் எழுதினார். அதற்குச் சான்று எமது நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் 288 சரக்கு விமானங்கள் உரிய சரக்குப் பத்திரமின்றிக் கொழும்புக்கு வந்ததாக, 2006 இல் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் வெளியான கட்டுரை கூறுகிறது. மேலைநாட்டுப் பழைய உடுப்புகளும் சோடாவும் மாதக்கணக்கில் களஞ்சியங்களை அடைத்துக் கிடந்தன. கொடுக்கும் மனம் இருந்தது, கணக்குத்தான் இருக்கவில்லை.

கலாநிதிப் பட்டத்துக்கு நான்கைந்து வருடங்கள் செல்லும். அக்காலத்தில் கடையில் நின்றால் கையில் காசு பார்க்கலாம் என்பது உண்மையே. ஆனால் கற்று முடித்தவருக்குப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, துறைமுகம், ஆடைத் தொழிற்சாலை, உலக உணவுத் திட்டம் என்று பல கதவுகள் உண்டு. மகளுக்கும் இது பொருத்தமான துறை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, விநியோக முகாமைத்துவத்துக்குத் தனிப் பட்டநெறியே இருக்கிறது.

இன்னொரு விடயம். ஆய்வாளருக்குத் தேவை எண்கள். அவை எமது கொப்பிகளில்தான் இருக்கின்றன. ஆனால் ஆய்வு மாணவர் ஒருவர் கடைக்கு வந்தால், வருமான வரிக்காரர் வந்தது போல் கொப்பியை மூடிவிடுகிறோம். விலையையும் இலாபத்தையும் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊருக்கு மாதம் எத்தனை மூடை அரிசி போகிறது, பாதை மூடினால் எந்த வழியால் அனுப்புகிறோம் என்று சொன்னாலே போதும்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. அடுத்த அனர்த்தம் எமது வசதி பார்த்து வராது. கணக்குத் தெரிந்த பிள்ளையைப் படிக்க அனுப்புங்கள். கணக்குக் கேட்டு வரும் பிள்ளைக்கு ஒரு கதிரை போடுங்கள்.