ஓலே ஓல்சனைத் தேடிப் போய் ராஜாவைப் பிடித்த கதை

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், வடக்கு டக்கோட்டா பக்கமெல்லாம் ஒரு வியாதி உண்டு. ஓய்வு பெற்ற கையோடு கணினி முன்னால் உட்கார்ந்து பரம்பரை மரம் வளர்ப்பது. கொள்ளுத்தாத்தா நார்வேயிலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார்கள். பெயரையும் பிறந்த வருடத்தையும் தட்டினால் போதும், ஏற்கெனவே யாரோ வளர்த்து வைத்த மரம் ஒன்று திரையில் வந்து நிற்கும். ஒரு க்ளிக். கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா கிடைத்துவிட்டார். இன்னும் பத்து க்ளிக். ஒன்பதாம் நூற்றாண்டு ஹரால்ட் ராஜாவே கிடைத்துவிட்டார்! மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆயிரம் வருட வரலாறு முடிந்தது.

தேடுவது தப்பே இல்லை. தேடாமலேயே கண்டுபிடிப்பதுதான் தப்பு. இந்தக் கூத்தில் உண்மையான கொள்ளுத்தாத்தா என்ன ஆனார் என்பதுதான் கேள்வி. அவரைச் சொந்தக் கொள்ளுப்பேரனே வீட்டை விட்டுத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் யாரோ ஒரு பணக்காரரை உட்கார வைத்துவிட்டார். அதுதான் நடந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1825 ஜூலையில் ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்டவ்ராஷன் என்ற சின்னப் பாய்மரக் கப்பல் 52 பேரோடு கிளம்பியது. வழியில் ஒரு குழந்தை பிறந்தது. அக்டோபரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து நூறு வருடத்தில் சுமார் எட்டு லட்சம் பேர் நார்வேயை விட்டுக் கிளம்பினார்கள். 1865 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 17 லட்சம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய வெளியேற்றம் என்று புரியும்.

இந்த எட்டு லட்சம் பேரும் காகிதத்தில் தடம் விட்டுத்தான் போயிருக்கிறார்கள். நார்வேயில் ஆள் ஆளாகப் பெயர் எழுதிய கணக்கெடுப்புகள் 1801, 1865, 1875, 1891, 1900, 1910 ஆகிய வருடங்களில் நடந்தன. நூறு வருட ரகசியக் காலம் முடிந்து 1920 கணக்கெடுப்பும் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ட்ரொண்ட்ஹைம், பெர்கன், கிறிஸ்டியானியா (1925 முதல் ஓஸ்லோ) போன்ற துறைமுகங்களில், வெளியேறுபவர்களின் பெயர், வயது, ஊர், போகுமிடம், கப்பல் எல்லாவற்றையும் போலீஸ்காரர்கள் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். ட்ரொண்ட்ஹைம் பேரேடு 1867இல் தொடங்குகிறது, பெர்கன் பேரேடு 1874இல். இவை போக, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, ஊரை விட்டுப் போனவர்கள் என்று தனித்தனிப் பட்டியலோடு தேவாலயப் பதிவேடுகள். இதெல்லாம் 1998இல் தொடங்கிய டிஜிடலார்கிவெட் என்ற அரசு இணையதளத்தில் இலவசம். காலணா செலவில்லை.

அப்புறம் ஏன் இத்தனை தப்பு? காரணம் சோம்பல் பாதி, ஆசை பாதி.

சோம்பலை முதலில் பார்ப்போம். எல்லாரும் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டு நார்வே கிராமத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஓலேயின் மகன் ஓல்சன், மகள் ஓல்ஸ்டாட்டர். அந்த ஓல்சனுக்கு லார்ஸ் என்று மகன் பிறந்தால் அவன் லார்ஸ் ஓல்சனாகவும் இருக்கலாம், அப்பா பெயர் பெர் என்றால் லார்ஸ் பெர்சன் ஆகிவிடுவான். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கல்யாணமானாலும் மனைவி தன் அப்பா பெயரைத்தான் வைத்துக்கொள்வாள். பரம்பரைக் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது 1923இல்தான்.

மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது வழக்கம். ஆக ஒரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் என்றால் ஒரே பெயரில் ஐந்து பேரன்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். குழந்தை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். இந்த லட்சணத்தில் பெயரும் வருடமும் பொருந்திவிட்டது என்று துள்ளிக் குதிப்பதை என்னவென்று சொல்ல?

இதோடு பண்ணைப் பெயர் ஒன்று சேரும். ஹௌகன் என்றால் மேடு, பாக்கன் என்றால் சரிவு. நாடு முழுக்க மேடும் சரிவும்தான், ஆகவே நாடு முழுக்க ஹௌகனும் பாக்கனும்தான். முக்கியமான விஷயம், அது குலப்பெயர் இல்லை, வெறும் விலாசம். வேறு பண்ணைக்குக் குடிபோனால் பெயரும் மாறிவிடும். அமெரிக்கா வந்தபின் ஒரே ஊரில் நாலு ஓலே ஓல்சன்கள் இருந்து கடிதம் மாறிப் போகத் தொடங்கியதும், பலர் பழைய பண்ணைப் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். பிரபல கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னியின் பெயர் வோஸ் பகுதியின் ரொக்னே பண்ணையிலிருந்து வந்தது. 1977 முதல் 1981 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த வால்டர் மாண்டேலின் பெயர் ஃபியார்லாண்டின் முன்டால்.

எல்லிஸ் தீவு குமாஸ்தா பெயரை மாற்றி எழுதிவிட்டான் என்ற கதையும் இங்கேதான் உடைகிறது. அந்தத் தீவில் இருந்தவர்கள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் கம்பெனி கிளம்பும்போதே தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். தவிர அந்த நிலையம் திறந்ததே 1892இல். மாண்டேலின் முன்னோர் வந்தது 1856இல்! அந்தக் காலத்தில் நார்வேக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் கனடாவின் கியூபெக் வழியாக வந்தார்கள். 1865க்கு முந்தைய கியூபெக் பயணிகள் பட்டியல்கள் பெரும்பாலும் இல்லை. போலீஸ் பேரேடும் அப்போது தொடங்கவில்லை. இதெல்லாம் தெரியாமல் நியூயார்க் பட்டியலில் தேடி, அதே பெயரில் யாரோ ஒருவரைப் பிடித்து மரத்தில் கட்டிவிடுகிறார்கள்.

இனி ஆசைக்கு வருவோம். இதுதான் உண்மையான வில்லன்.

பெர்க் என்று ஒரு பண்ணை. அதற்கு ஒரு சொந்தக்காரர். அவர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு, அதற்கு ஈடாக அவருக்கு உழைத்துக் கொட்டும் கூலிக் குடியானவர் ஒருவர். இவர்களை ஹுஸ்மன் என்பார்கள். நிலம் அவர்களுடையது இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் வேலைக்குப் போகவேண்டும். அமெரிக்கா கிளம்பியவர்களில் பெருங்கூட்டம் இவர்கள்தான். அங்கே போய்ப் பெயர் கேட்டபோது குடிசைக்காரரின் மகனும் பெர்க் என்றுதான் சொன்னார். அவர் இருந்த இடம் அதுதானே!

நூறு வருடம் கழித்துக் கொள்ளுப்பேரன் தேடுகிறார். நார்வேயின் ஊர்ப் புத்தகங்களில் பண்ணைச் சொந்தக்காரர்களின் வம்சம் விரிவாக இருக்கிறது. குடிசைக்காரர்களைப் பற்றிப் பல புத்தகங்களில் இரண்டு வரி இருந்தால் அதிகம். கொள்ளுப்பேரன் எதைத் தேர்ந்தெடுப்பார்? சொந்தக்காரரின் குடும்பத்தில் அதே வயதில் ஒரு ஓலே இருந்தால் கதை முடிந்தது. உழைத்தவனை விட்டுவிட்டு உழைப்பை வாங்கியவனை அப்பாவாக்கிக்கொள்கிறார்கள். அங்கிருந்து ராஜா வரைக்கும் ஏணி தயாராக இருக்கிறது. அந்த ஏணியில் எத்தனை படி இல்லை என்று யாரும் பார்ப்பதில்லை. இன்று இருப்பதில் மிகப் பழைய நார்வே தேவாலயப் பதிவேடே 1623இல்தான் தொடங்குகிறது. ராஜாவுக்கும் அதற்கும் நடுவே ஏழு நூற்றாண்டுகள். அதை எதைக் கொண்டு நிரப்பினார்கள்? நம்பிக்கையைக் கொண்டுதான்.

கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள் கதை இன்னும் மோசம். பாதிரியார் அந்தக் காலப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் முறையற்ற பிறப்பு என்று எழுதி வைத்திருப்பார். ஊர் முன்னால் தலைகுனிந்து வாழ்ந்து அந்தப் பிள்ளையை வளர்த்தவள் அவள். இணைய மரத்தில் அவளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கணவனைக் கொண்டுவந்து நிறுத்திக் கல்யாணத் தேதியும் போட்டுவிடுகிறார்கள். மரியாதை கொடுக்கிறார்களாம்! பாதிரியாராவது நடந்ததை எழுதினார். இவர்கள் அவள் வாழ்ந்த வாழ்க்கையையே அழிக்கிறார்கள்.

பொழுதுபோக்குதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் உண்டு. முதலாவது, இந்த ஏழைகளுக்குச் சிலை கிடையாது, சமாதி கிடையாது, புத்தகம் கிடையாது. கணக்கெடுப்பில் ஒரு வரி, ஞானஸ்நானத்தில் ஒரு வரி, கப்பல் ஏறியபோது ஒரு வரி. மூன்றே வரிதான் அவர்களுடைய மொத்த நினைவுச்சின்னம். அதையும் தப்பாகப் படித்தால் மிச்சம் என்ன? இரண்டாவது, ஒருவர் போட்ட தப்பை அடுத்து நூறு பேர் நகலெடுக்கிறார்கள். நூறு மரத்தில் இருக்கிறதே என்று அதுவே ஆதாரமாகிவிடுகிறது. நூறு நகல் என்பது நூறு சாட்சி இல்லை. ஒரே பொய்யின் நூறு எதிரொலி.

மூன்றாவதுதான் பெரியது. இந்தப் பொய் மரங்களின் நிழலில் அரசியல் பேசுகிறார்கள். எங்கள் முன்னோர் சட்டப்படி வந்தார்கள், யார் கையையும் எதிர்பார்க்காமல் உழைத்து முன்னேறினார்கள், இப்போது வருகிறவர்கள் அப்படியா என்று. ஆவணத்தைப் படித்தால் இந்தப் பேச்சு நிற்காது. அண்ணனோ மாமனோ அமெரிக்காவிலிருந்து காசு கட்டி அனுப்பிய டிக்கெட்டில் வந்தவர்கள் ஏராளம். அன்றைக்கு விசாவே கிடையாது, மீறுவதற்குச் சட்டம் இருந்தால்தானே மீறுவார்கள்? 1882இல் ஒரே வருடத்தில் சுமார் 28,800 பேர் நார்வேயிலிருந்து கிளம்பினார்கள், அதுதான் உச்சம். அதே 1882இல்தான் சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. கதவு ஒன்றுதான், திறந்தது ஒருவருக்கு, மூடியது இன்னொருவருக்கு.

உழைத்துச் சம்பாதித்த நிலம் என்கிறார்களே, அதற்கும் காகிதம் இருக்கிறது. 1862 குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கர் வரை கிட்டத்தட்ட சும்மா கிடைத்தது. தெற்கு மினசோட்டாவின் பெரும்பகுதியை 1851 ஒப்பந்தங்களில் டக்கோட்டா மக்களிடமிருந்து வாங்கினார்கள். பணம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, 1862இல் போர் வெடித்தது. நார்வேக் குடியேறிகளும் அதில் செத்தார்கள். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருடம் மிச்சமிருந்தவர்களையும் மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். வந்த ஹுஸ்மன் மகன் வில்லன் இல்லை, ஊரில் ஒரு பிடி மண் இல்லாமல் வந்தவன். ஆனால் அவன் பெயருக்கு வந்த நிலப் பத்திரத்துக்கு முந்தைய பக்கம் ஒன்று உண்டு. மரம் வளர்ப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சரி, ஒழுங்காகத் தேடுவது எப்படி? கஷ்டமே இல்லை, பொறுமைதான் வேண்டும். 1890 அமெரிக்கக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் போய்விட்டது. ஆகவே 1900இல் தொடங்கவேண்டும். அதில் பிறந்த மாதமும் வருடமும், நாட்டுக்கு வந்த வருடமும் இருக்கும். ஒரு பேச்சுக்கு ஓலே ஹௌகன், பிறப்பு மே 1861, வருகை 1882 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அவர் சேர்ந்திருந்த அமெரிக்க லூத்தரன் சபையின் பதிவேட்டில் நார்வேயில் எந்தத் திருச்சபைப் பகுதி என்று இருக்கிறதா பார்க்கவேண்டும். பிறகு 1882 போலீஸ் பேரேடு. அங்கே ஹௌகன் இருக்கமாட்டார், ஓலே லார்சன் இருப்பார். அப்புறம் 1865 கணக்கெடுப்பு. அதில் நடப்பு வயதையும் சேர்த்து எழுதுவார்கள், ஆகவே நாலு முடிந்த பையனுக்கு ஐந்து என்று இருக்கும். அவசரக்காரர் வயது பொருந்தவில்லை என்று உண்மையான ஓலேயைத் தள்ளிவிடும் இடம் இதுதான். கடைசியாக, ஒரு பெயரைப் பொருத்தினால் போதாது. அம்மா, தங்கை, அண்ணன், ஞானஸ்நானத்துக்கு வந்து நின்ற சாட்சிகள் என்று முழு வீட்டையும் பொருத்திப் பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால்?

தெரியவில்லை என்று எழுதவேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையை எழுத முடியாமல்தான் இத்தனை ராஜாக்கள் பிறந்திருக்கிறார்கள்.

பழைய கையெழுத்து புரியாது, டேனிஷ் சாயல் மொழி தெரியாது என்பதெல்லாம் நியாயமான கஷ்டம்தான். அதற்குத்தான் கணக்கெடுப்புகளைத் தட்டச்சு செய்து தேடும்படி போட்டிருக்கிறார்கள். அதையும் பார்க்க நேரமில்லை என்றால், காலி இடத்தைக் காலியாக விடுவதற்கு எந்த மொழியும் தெரியவேண்டியதில்லை.

1865 டிசம்பர் 31 அன்று நார்வேயில் கணக்கெடுத்தவர்கள் குடிசை குடிசையாகப் போய் எத்தனை பேர், எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு விதை என்று எழுதினார்கள். ஒரு மாடும் மூன்று ஆடும் வைத்திருந்த குடிசைக்காரரின் பெயரையும் விடவில்லை. முகம் தெரியாத அரசாங்க ஆளுக்கு இருந்த அந்தக் குறைந்தபட்ச நேர்மை, ரத்தச் சொந்தமான கொள்ளுப்பேரனுக்கு இருக்கக்கூடாதா?