தள்ளாடும் கால்களுக்கும் வலிமை வேண்டும்

மட்டாஞ்சேரிக்கு அருகே, ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் ஒரு சலவைத்துறை உள்ளது. தோபி கானா என்று ஊரார் அழைக்கும் அவ்விடத்தில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருவோர் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் சீருடைகளைத் துவைக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் இவர்கள் என்பர். ஈரத் துணியை ஓங்கிக் கல்லில் அடிப்பதும், முறுக்கிப் பிழிவதும், இரட்டைப் புரிக் கயிற்றின் இடையில் துணியின் முனையைச் செருகி உலர்த்துவதும், கனத்த இஸ்திரிப் பெட்டியைத் தேய்ப்பதும் அவர்களுடைய அன்றாடப் பணிகள். அவர்களின் தோள்வலிமை உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றதன்று. ஒரே அசைவை நாள்தோறும் செய்ததன் பயன்.

தசை வளரும் முறை இதுவே. பழகிய அளவினும் சற்று மிகுந்த சுமையைத் தாங்கிய தசை, ஓய்வாலும் புரதம் நிறைந்த உணவாலும் தன்னைச் சீர்செய்துகொண்டு முன்னிலும் வலுப்பெறுகிறது. கைகால்கள் சொன்னபடி இயங்குவோருக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதுபோலப் பலர் நடந்துகொள்கின்றனர். விளையாட்டுப் பாடவேளையில் பெருமூளை வாதமுள்ள மாணவனை மர நிழலில் ஒரு நாற்காலியில் அமர்த்தி, மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது அக்கறையாகவே கருதப்படுகிறது. அது அக்கறைதான், ஆனால் அவனுக்குத் தீங்கு செய்யும் அக்கறை.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் பெருமூளை வாதம் உண்டாகிறது. சிலருக்குத் தசைகள் இறுகுகின்றன. சிலருக்கு நினையாத அசைவுகள் தோன்றுகின்றன. வேறு சிலருக்கு நடை தள்ளாடுகிறது. குறை தசையில் தொடங்குவதில்லை. மூளை விடுக்கும் கட்டளைதான் ஒழுங்காகச் சென்று சேர்வதில்லை. எனினும் பயன்படுத்தப்படாத தசை யாருடையதாயினும் மெலியும். அம்மாணவன் பிறவியில் பெற்ற தடையோடு, அமர்த்தி வைத்ததால் வந்த மெலிவையும் சேர்த்துச் சுமக்கிறான்.

இத்தயக்கம் மருத்துவ உலகிலும் நெடுங்காலம் இருந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெர்தா போபாத், கரேல் போபாத் தம்பதியர் லண்டனில் வகுத்த சிகிச்சை முறை பல நாடுகளில் பரவியது. கடும் முயற்சி தசை இறுக்கத்தை மிகுவிக்கும் என்ற அச்சமும் அதனோடு வேரூன்றியது. 1990களில் அமெரிக்க ஆய்வாளர் டயேன் டமியானோவும் அவருடன் பணியாற்றியோரும் இத்தகைய சிறுவர்களுக்குப் படிப்படியாகச் சுமையைக் கூட்டிப் பயிற்சியளித்தனர். தசைகள் வலுப்பெற்றன, அஞ்சியவாறு இறுக்கம் கூடவில்லை.

உத்தரப்பிரதேசத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த பிரீத்தி பால், சிறுவயதில் ஆண்டுக்கணக்கில் கால்களில் தாங்குகருவி அணிந்து நடந்தவர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில், உடல் ஒருங்கிணைவில் குறைபாடு உடையோருக்கான டி35 பிரிவில், 100 மீட்டரை 14.21 வினாடியிலும் 200 மீட்டரை 30.01 வினாடியிலும் ஓடி இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். பாராலிம்பிக் ஓட்டப் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அவருடையது. எல்லாரும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. பேருந்தின் உயரமான படியில் பிறர் கைபற்றாமல் ஏற முடிந்தாலே பெரிது.

வலிமை கூடினால் நடையும் அதே அளவில் சீராகும் என்று சொல்வதற்கில்லை. சிலருக்குத் தசை திரண்ட பின்னும் தள்ளாட்டம் நீடிக்கும். ஆயினும் தடுமாறும்போது உடலைத் தாங்கிப் பிடிப்பது அத்தசைதான். பயிற்சி முறையில் கவனம் வேண்டும். கை நடுங்குபவர் இரும்புக் குண்டைத் தலைக்கு மேல் தூக்குவது ஆபத்து. மணிக்கட்டில் கட்டிய சிறு மணற்பை நழுவி விழாது. சுவரையோ கைப்பிடியையோ பற்றி நின்று, மெதுவாக, சில முறைகளே செய்து இளைப்பாறலாம். களைப்பு மிகுந்தால் தள்ளாட்டமும் மிகும். ஆகவே சமநிலைப் பயிற்சியைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது. இன்னொன்றையும் மறக்கலாகாது. தசைச்சிதைவு நோயில் பழுது தசையிலேயே உள்ளது. அங்கே மிகுந்த சுமை கேடு விளைவிக்கலாம். எது எந்த நோய் என்று மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அறிந்து சொன்ன பிறகே பயிற்சி தொடங்க வேண்டும். இந்த ஒரு செய்தியில் பெற்றோரின் அச்சம் நியாயமானது.

பள்ளியின் தயக்கத்துக்கு அத்தகைய நியாயம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிற மாணவர்களுக்கு நிகராக விளையாட்டு வாய்ப்பையும் அளிக்குமாறு பள்ளிகளைப் பணிக்கிறது. கருவிகள் இல்லையே என்பது வழக்கமான விடை. சன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை இழுப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து, கைப்பிடியை ஊன்றாமல் எழுந்து நின்று, மீண்டும் மெதுவாக அமர்வதைப் பத்து முறை செய்தால் தொடைகளுக்கு அது நல்ல சுமை. அருகில் ஒருவர் நின்றால் போதும். நாற்காலியோ மர நிழலில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அம்மாணவன் அதில்தான் அமர்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.