பசிக்கு ஒரு விலைப்பட்டியல்

பசித்தோருக்காக நிதி திரட்டுகிறோம் என்று அறிவித்து, தவக்கால ஞாயிறுகளில் ஆலய வளாகத்தில் உணவுக்கடை விரிக்கும் வழக்கம் நம் பங்குகள் சிலவற்றில் வேரூன்றிவருகிறது. வடை, பொரித்த மீன், கேக், மக்ரூன் என்று பலகையில் விலைப்பட்டியல் தொங்குகிறது. திருப்பலி முடிந்ததும் கூட்டம் மொய்க்கிறது. உழைக்கும் இளைஞர்களின் நன்மனத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் நோன்பின் பெயரால் தின்பண்டம் விற்கும் இம்முறையை ஏற்க நம்மால் இயலவில்லை.

இதன் மூலம் எது? 1958-இல் செர்மானிய ஆயர்கள், கொலோன் பேராயர் கர்தினால் பிரிங்சின் முன்முயற்சியால், மிசெரேயோர் என்னும் அமைப்பை நிறுவினர். மூன்று நாள் உண்ண ஏதுமின்றித் தம்முடன் இருந்த மக்கள்மேல் ஆண்டவர் பரிவு கொண்டதாக மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரம் கூறுகிறதே, அப்பரிவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயர். அந்நாட்டுப் பங்குகளில் தவக்கால ஞாயிறு ஒன்றில் எளிய சூப்பு காய்ச்சுவார்கள். வீட்டின் ஞாயிறு விருந்தைக் கைவிட்டு வந்து, அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு, மிச்சமானதை உண்டியலில் இடுவார்கள். 1975-இல் அமெரிக்காவின் ஆலன்டவுன் மறைமாவட்டத்தில் 'ரைஸ் பவுல்' என்னும் அட்டைப்பெட்டி தோன்றியதும் இதே எண்ணத்தில்தான். ஒருவேளை உணவைக் குறைத்து, அதன் விலையை அதில் இட வேண்டும். சேர்வதில் கால் பங்கு அந்தந்த மறைமாவட்டத்து ஏழைகளுக்கே உரியது.

நாமோ கடையை எடுத்துக்கொண்டோம், நோன்பை விட்டுவிட்டோம். ஒரு குடும்பம் முந்நூறு ரூபாய்க்குப் பலகாரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், மாவு, விறகு, பந்தல் எல்லாம் போக நிதிக்குச் சேர்வது நூறோ நூற்றைம்பதோ. வீட்டில் அன்றைய சமையலும் குறைவின்றி நடக்கிறது! அதே குடும்பம் ஒருவேளை கஞ்சியோடு நிறுத்தியிருந்தால் முந்நூறும் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கும். கொடுத்தோம் என்ற நிறைவும் வேண்டும், நாவுக்குச் சுவையும் வேண்டும் என்றால் அதற்கு ஒறுத்தல் என்று பெயரிடலாமா?

கடை போடாவிட்டால் மக்கள் கொடுக்கமாட்டார்கள் என்பர். கொடுப்பார்கள். அசனம் என்ற சொல்லை நம் பகுதியில் அறியாதவர் உண்டோ? அரிசியும் காய்கறியும் இறைமக்கள் கொண்டுவந்து குவிக்க, அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். யாரும் விலை கேட்பதில்லை. காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களில் ரமலான் மாதம் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். செல்வரும் ஏழையரும் கூசாமல் அதை அருந்துகிறார்கள். நமக்கு மட்டும் கஞ்சி என்றாலே ஒரு கூச்சம். 1876-78 தாது வருடப் பஞ்சத்துக் கஞ்சித் தொட்டியின் நினைவு இன்னும் நீங்கவில்லை போலும்!

விலைப்பலகையின் பெருங்கேடு வேறு. பசித்தவர் அங்கே வாங்க முடியாது. எவர் பெயரால் கடை நடக்கிறதோ அவரே வளாகத்தின் ஓரமாக ஒதுங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க நேர்கிறது. ஒருவர் பசித்திருக்க மற்றவர் நிறைந்திருந்த கொரிந்து சபையைப் பவுலடியார் கடிந்துகொண்டது இதற்காக அன்றோ?

பசி எங்கோ ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது என்று எண்ணவும் வேண்டாம். நம் கரையில் அதற்கு நாள்காட்டியே உண்டு. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாள்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. படகு உரிமையாளர் ஒருவாறு சமாளிப்பார். பங்குக்கூலிக்குச் செல்பவர் என்ன செய்வார்? வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளங்கள் நீரில் மூழ்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அத்தொழிலாளர்க்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தை அரசு 2022-இல் தொடங்கியது. மூன்று மாதத்திற்கு அதைப் பகுத்துப் பார்த்தால், ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து ரூபாய்கூடத் தேறாது.

ஆகவே அடுத்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறேனும் விலைப்பலகையை இறக்குவோம். ஒரே கஞ்சி, ஒரே துவையல், ஒரே பந்தி; வாயிலில் ஓர் உண்டியல். வரவு செலவு அடுத்த ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்படட்டும். சேர்ந்த பணம் முழுவதையும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் அனுப்பிக் கணக்கை மூடிவிடாமல், ஒரு பகுதியை ஐப்பசிக்கென எடுத்து வைப்போம். உப்பளத் தெருப் பெண்கள் மளிகைக் கடையில் கடன் சொல்லத் தொடங்கும் மாதம் அதுதான்.