பேட் யாருடையதோ, மேட்ச் அவனுடையது

வீடியோ கேம் போட்டிகளை விளையாட்டு என்று சொல்லலாமா, கூடாதா? இந்தச் சண்டை ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதே இரண்டு வசனங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கோஷ்டி, "உட்கார்ந்த இடத்தில் பட்டனை அமுக்குறதெல்லாம் ஸ்போர்ட்ஸா? வியர்வை எங்கே?" என்று கேட்கும். இன்னொரு கோஷ்டி, "பரிசுத் தொகை எவ்வளவு தெரியுமா? எத்தனை பேர் பார்க்கிறாங்க தெரியுமா?" என்று பதில் சொல்லும்.

இரண்டுமே மொக்கை வாதங்கள். வியர்வைக் கணக்கு பார்க்கிறவர்களுக்கும் சரி, காசுக் கணக்கு பார்க்கிறவர்களுக்கும் சரி, கண்ணில் படாத மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் உண்மையான மேட்டர்.

முதலில் வியர்வையை முடித்துவிடலாம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கித் தந்தவர் அபினவ் பிந்த்ரா. போட்டி 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதில் ஜெயிப்பதற்கு உடம்பை எவ்வளவு அசைக்காமல் வைத்திருக்க முடியும் என்பதுதான் திறமையே. "இவர் ஓடவே இல்லையே, இது என்ன விளையாட்டு?" என்று அந்தத் தங்கத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவை முதன்முதலில் (1991-92) வாங்கியவர் விஸ்வநாதன் ஆனந்த். அவரும் உட்கார்ந்தே ஆடியவர்தான். செஸ்ஸை ஒரு விளையாட்டாக சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே அங்கீகரித்துவிட்டது.

ஸ்டார்கிராஃப்ட் ஆடும் ஒரு நல்ல கொரிய ஆட்டக்காரர் நிமிடத்துக்கு 300 கட்டளைகளுக்கு மேல் கொடுப்பார். வினாடிக்கு ஐந்து. கை ஓட வேண்டும், கண் ஓட வேண்டும், எதிராளி இரண்டு நிமிடம் கழித்து என்ன செய்வான் என்று மூளையும் ஓட வேண்டும். "சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று ஒதுக்குகிறவர்களுக்கும் பதில் உண்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் (பெயர் 2022, நடந்தது 2023) ஸ்ட்ரீட் ஃபைட்டர் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44.

ஆக, திறமை, பயிற்சி, டென்ஷன், தோல்வி எல்லாம் இருக்கிறது. ஆடுகிறவர்கள் விளையாட்டு வீரர்கள்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

சந்தேகம் ஆடுகிறவர் மேல் இல்லை, ஆடப்படும் பொருள் மேல்தான்.

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள் எல்லாருக்கும் ஒரு பையனைத் தெரிந்திருக்கும். பேட் அவனுடையது. அதனால் முதல் பேட்டிங் அவனுக்கு. அவுட் ஆனாலும் அது "ட்ரையல் பால்". ரொம்பப் பேசினால் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், அன்றைக்கு மேட்ச் அவ்வளவுதான். ஆனால் அவனால் பேட்டைத்தான் எடுத்துப் போக முடியும், கிரிக்கெட்டை எடுத்துப் போக முடியாது. ஒரு தென்னை மட்டையைச் சீவினால் அடுத்த பத்து நிமிடத்தில் மேட்ச் மறுபடி ஆரம்பம்.

எந்தக் கம்பெனியும் கிரிக்கெட்டுக்கு ஓனர் கிடையாது. கபடிக்குக் கிடையாது, செஸ்ஸுக்குக் கிடையாது. 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி பாஸ்கெட்பாலை உருவாக்கினார். இன்றைக்கு யாராவது ஒரு கம்பத்தில் வளையத்தை மாட்டினால் நெய்ஸ்மித் குடும்பத்துக்கு ராயல்டி கட்ட வேண்டியதில்லை.

வீடியோ கேம் அப்படி இல்லை. அது ஒரு கம்பெனியின் சொத்து. பந்து, மைதானம், விதிப்புத்தகம், அம்பயர், ஸ்கோர் போர்டு எல்லாம் ஒரே ஓனரிடம். அவர் சர்வரை அணைத்தால் பேட் மட்டும் அல்ல, கிரிக்கெட்டே வீட்டுக்குப் போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நடந்த கதைகள் இருக்கின்றன.

முதல் கதை தென்கொரியா, ஈ-ஸ்போர்ட்ஸின் தாய்வீடு. 1998-ல் வந்த அமெரிக்க கேமான ஸ்டார்கிராஃப்டை அந்த ஊர்ப் பையன்கள் இண்டர்நெட் சென்டர்களில் ஆடி ஆடி தேசிய விளையாட்டு மாதிரி ஆக்கினார்கள். 2000-ல் கெஸ்பா என்ற சங்கம் வந்தது. கேமுக்கென்றே டிவி சேனல்கள் வந்தன. பெரிய கம்பெனிகள் அணி வைத்தன. ஆட்டத்துக்கு மதிப்பை உண்டாக்கியது ஆட்டக்காரர்கள், சேனல்கள், ரசிகர்கள். 2007-ல் கெஸ்பா ஒளிபரப்பு உரிமையை விற்கப் போனதும், "கேம் எங்களுடையது" என்று ப்ளிஸார்ட் கம்பெனி கேட்டது. 2010-ல் கெஸ்பாவை ஓரங்கட்டிவிட்டு வேறொரு நிறுவனத்துக்கு உரிமையைக் கொடுத்தது. விவகாரம் கோர்ட் வரை போய், 2011-ல் உரிம ஒப்பந்தத்தில் முடிந்தது. பத்து வருஷம் வளர்த்தவர்கள், தாங்கள் வாடகை வீட்டில் இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது கதை 2018 டிசம்பர். ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் என்ற தன் கேமின் உலகப் போட்டித் தொடர் அடுத்த வருஷம் நடக்காது என்று அதே ப்ளிஸார்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவ்வளவுதான். அதையே தொழிலாக நம்பியிருந்த ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும் ஒரே நாளில் வேலை போனது. ஒரு கால்பந்து கிளப் மூடினால் வீரர் இன்னொரு கிளப்புக்குப் போவார். கால்பந்தையே மூடினால் எங்கே போவார்?

மூன்றாவது கதை இந்தியாவுக்கு நெருக்கமானது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக நடந்தபோது, ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்ட கேமில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினார். பதக்கப் பட்டியலில் சேராத பதக்கம்தான் என்றாலும் பெருமைதான். அடுத்து ஹாங்சோவில் உண்மையான பதக்கமே உண்டு என்றார்கள். எட்டு கேம்களின் பட்டியலில் ஹார்த்ஸ்டோனும் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? 2023 ஜனவரியில் ப்ளிஸார்டுக்கும் சீனாவின் நெட்ஈஸ் கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மார்ச்சில் ஹார்த்ஸ்டோன் ஆசிய விளையாட்டிலிருந்தே தூக்கப்பட்டது. எட்டு ஏழானது.

ஒரு கண்டத்தின் விளையாட்டு விழாவிலிருந்து ஒரு போட்டி காணாமல் போனதற்குக் காரணம் ஊக்கமருந்தும் இல்லை, ஊழலும் இல்லை. இரண்டு கம்பெனிகளுக்கு டீல் படியவில்லை! ரப்பர் கம்பெனிக்கும் டீலருக்கும் தகராறு என்று டேபிள் டென்னிஸை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கினால் எப்படி இருக்கும்?

நான்காவது கதை எல்லாருக்கும் தெரிந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கு இந்திய அரசு தடை போட்டது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் வந்தது. 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. இந்த இடைவெளிக்குள், 2022 டிசம்பரில், ஈ-ஸ்போர்ட்ஸை மத்திய விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டு வந்து அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதாவது, இந்தியப் பையன்கள் விழுந்து விழுந்து ஆடிய ஒரு கேம் ஸ்டோரிலேயே இல்லாத நேரத்தில், விளையாட்டு என்ற அந்தஸ்து வந்து சேர்ந்தது. தடைக்குக் காரணம் சரியா தவறா என்பது வேறு விவாதம். ஸ்டோரிலிருந்து எடுத்தால் காணாமல் போவது பொருளா, விளையாட்டா என்பதுதான் இங்கே கேள்வி. கபடியை எந்த ஸ்டோரிலிருந்து எடுக்க முடியும்?

விதிகள் சமாச்சாரம் இதைவிட மோசம். கால்பந்து விதிகளை மாற்ற 1886-ல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் எட்டு ஓட்டில் ஆறு கிடைத்தால்தான் ஒரு விதி மாறும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு அப்டேட் வரும். ஒருவர் வருஷக்கணக்கில் பழகிய பாத்திரத்தின் பலத்தை கம்பெனி குறைத்துவிட்டால், அவர் போட்டு வைத்த உழைப்பும் சேர்ந்து குறையும். ஓட்டும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அந்த மாற்றம் ஆட்டத்தின் நன்மைக்கா, புதுப் பாத்திரத்தை விற்பதற்கா என்று கேட்கவும் இடமில்லை. அக்கவுண்ட்ஸ் படிக்கிற யாருக்கும் இது புரியும். கணக்கு எழுதுகிறவரே அதைத் தணிக்கையும் செய்தால் அதற்குப் பெயர் ஆடிட் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும்.

ஒன்று: "பிசிசிஐ மட்டும் யோக்கியமா? ஃபிஃபா காசு பார்க்கவில்லையா? கிரிக்கெட் சட்டங்களுக்கே எம்சிசி காப்புரிமை வைத்திருக்கிறதே!" வைத்திருக்கிறது, அச்சிட்ட வாசகத்துக்கு. ஆடுவதற்கு இல்லை. வாரியங்கள் யோக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாரியத்தோடு மோத வழி இருக்கிறது. 1976-ல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கருக்கு ஒளிபரப்பு உரிமை கிடைக்கவில்லை. உலகத்தின் பெரிய வீரர்களைச் சம்பளம் கொடுத்து இழுத்துத் தனியாகத் தொடரே நடத்தினார். வீரர்களைத் தடை செய்யப் பார்த்த வாரியத்தரப்பு இங்கிலாந்து கோர்ட்டில் தோற்றது. 1979-ல் ஆஸ்திரேலிய வாரியம் சமாதானத்துக்கு வந்தது. கலர் டிரெஸ், வெள்ளைப் பந்து, இரவு ஆட்டம் என்று இன்றைய கிரிக்கெட்டில் பாதி அந்தச் சண்டையில் வளர்ந்தது. பேக்கரால் முடிந்ததற்குக் காரணம், கிரிக்கெட் ஆட யாருடைய லைசென்ஸும் தேவைப்படவில்லை. ரயட் கம்பெனியை எதிர்த்து லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஒரு போட்டித் தொடர் நடத்த நாளைக்கு ஒரு பேக்கர் வந்தால்? லாகின் கூட ஆகாது.

இரண்டு: "எல்லா விளையாட்டிலும் கம்பெனிகள் சாமான் விற்கத்தானே செய்கின்றன?" விற்கின்றன. ஆனால் அங்கே கம்பெனியைத் தட்டிக் கேட்க விளையாட்டால் முடியும். நீச்சலில் விசேஷ உடைகள் வந்து, 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் உடைந்தன. நீச்சல் கூட்டமைப்பு 2010 ஜனவரி முதல் அந்த உடைகளுக்குத் தடை போட்டது. கம்பெனிக்கு நஷ்டம், நீச்சலுக்கு லாபம். ஈ-ஸ்போர்ட்ஸில் எந்தச் சங்கம் கேம் கம்பெனிக்குத் தடை போட முடியும்? போட்டால் சங்கம் ஆடுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

இதில் அடிபடப் போவது யார்? பத்தொன்பது வயதில் காலேஜை ஓரமாக வைத்துவிட்டு தினம் பத்து மணி நேரம் பயிற்சி எடுக்கிற பையன்தான். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. ஹாங்சோவில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் தங்கம் வென்ற அணிக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்தே விலக்கு கிடைத்தது. ஓர் அரசாங்கம் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய சலுகைகளில் ஒன்று, ஒரு தனியார் பொருளை நன்றாகக் கையாண்டதற்காக! அதைப் பார்த்துத்தான் இங்கேயும் விளையாட்டு கோட்டா, அரசு உதவித்தொகை என்று கனவு வளர்கிறது. "இது அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு" என்று வீட்டில் சொன்னால் அப்பா அம்மாவும் நம்புவார்கள். அரசு முத்திரை என்றால் நம் ஊரில் அவ்வளவு மரியாதை. ஆனால் அந்த முத்திரை கம்பெனியை எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் ஈ-ஸ்போர்ட்டை வரையறுக்கும்போது கைத்திறன், மூளைத்திறன், வியூகம், சூதாட்டம் கூடாது என்று பார்க்கிறது. நல்லதுதான். ஆனால் பேட் யாருடையது என்ற கேள்வி அந்த வரையறையில் இல்லை.

அப்படியானால் கதவைச் சாத்திவிட வேண்டுமா? வேண்டாம். விலை கேட்க வேண்டும். தன் கேமுக்கு விளையாட்டு என்ற பெயர் வேண்டும் என்று விரும்புகிற கம்பெனியிடம் மூன்று நிபந்தனைகள் வைக்கலாம். ஒன்று, போட்டிக்கான பதிப்பு ஒன்றைத் தனியாக வைத்து, ஆட்டக்காரர்களுக்கும் ஓட்டு உள்ள அமைப்பின் சம்மதம் இல்லாமல் அதன் விதிகளை மாற்றக் கூடாது. இரண்டு, யார் வேண்டுமானாலும் அந்தப் பதிப்பில் போட்டி நடத்த நியாயமான, நிலையான உரிமம் தர வேண்டும். மூன்று, கம்பெனி கடையை மூடினால் அந்தப் பதிப்பைப் பொதுச்சொத்தாக விட்டுவிட வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. குவேக் 3 கேமின் நிரல் மூலத்தை அதன் கம்பெனியே 2005-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

சம்மதிக்கிற கம்பெனியின் கேமுக்குப் பதக்கம், கோட்டா, உதவித்தொகை, எல்லாம் கொடுக்கலாம், தப்பே இல்லை. சம்மதிக்காத கம்பெனி தன் காசில் போட்டி நடத்தட்டும், ரசிகர்கள் கைதட்டட்டும், ஜெயித்தவன் பரிசை வாங்கிக்கொள்ளட்டும். அதற்குப் பெயர் விளம்பர நிகழ்ச்சி. விளம்பரத்துக்கு மக்கள் வரிப்பணத்தில் மெடல் அடித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் எந்த அரசாங்கத்துக்கும் இல்லை.

அடுத்த முறை யாராவது "வியர்வை எங்கே?" என்று ஆரம்பித்தால், "சர்வர் யாருடையது?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை சண்டையை ஒத்தி வைக்கலாம்.