எழுத்தில்லாக் குடிக்கூலி

யாழ்ப்பாணத்து உறுதியொன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். இத்தனை பரப்பு, இத்தனை குழி, வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை என எல்லை வகுத்து, அதன்பின் பனை, தென்னை, கிணற்றிலே இன்ன பங்கு, அக்கிணற்றுக்குப் போய்வரும் வழிவாய்க்கால் உரித்து என்று ஒன்றும் விடாது எழுதியிருக்கும். கிணற்றுத் தண்ணீரில் எட்டிலொரு பங்குக்கும் எழுத்து வைத்த அம்மரபினர், கொழும்பிலே பாடுபட்டுத் தேடிய ஒற்றை வீட்டின் மேல்மாடியைப் பிறருக்கு விடும்போது மாத்திரம், “ஊரவர்தானே, எழுத்து எதற்கு?” என்கின்றனர். இம்மயக்கம் எவ்வாறு நேர்ந்ததென்று யான் பல நாள் எண்ணியதுண்டு. என்னையும் அது பிடித்திருந்தபடியால்.

வாடகை என்பது வடமொழி வழி வந்த சொல். குடிக்கூலி என்பது நம் பழைய வழக்கு. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்று அச்சொல் ஒளிவின்றிச் சொல்கிறது. கூலி என்றால் கணக்கு உண்டு. கணக்கு என்றால் எழுத்து வேண்டும். நாமோ வெள்ளவத்தையில் வீடு விடுவதை ஓர் உபகாரம் போலவும், குடிவருவதை உறவுமுறை கொண்டாடுவது போலவும் தொடங்கி, ஈற்றில் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறோம்.

என் கதையைச் சுருங்கச் சொல்வேன். என் வீட்டு மேல்மாடியை ஊர் நண்பரொருவரின் மகனுக்கு வாய்ப்பேச்சில் விட்டேன். “ஒரு கடதாசி எழுதி வையுங்கோவன்” என்று என் மனைவி அன்றே சொன்னார். நண்பரிடம் கடதாசி நீட்ட நாணினேன். இரண்டாண்டின் பின் பிள்ளை வெளியேறியபோது, முற்பணம் ஆறு மாதத்து வாடகை என்பது என் நினைவு. எட்டு மாதத்தது என்பது நண்பர் நினைவு. “பண்டிதர், உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லேல்லை” என்றார் அவர். யானும் அவரைப் பொய்யர் என்று எண்ணவில்லை. இருவரும் நம்பியதை இருவரும் சொன்னோம். எட்டு மாதக் கணக்கிலேயே கொடுத்தனுப்பினேன். ஆயினும் கோயிலில் எதிர்ப்பட்டால் இன்று அவர் வேறு வீதியால் போகிறார். இரண்டு மாத வாடகை போனது பெரிதன்று.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதி முடிக்கப்படல் வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிட்டு ‘இரண்டு வருட அக்றிமென்ட்’ என்று பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் பலர். அத்தாள் அந்த இரண்டு வருடத்தை நிலைநாட்டாது. மாதவாரி வாடகை என்ற அளவிலேயே நிற்கும். குத்தகைக் காலம் கடந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவில் மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி திறந்திருக்கிறது. அவ்வழியும் நொத்தாரிசு எழுதிய குத்தகைக்கே உரியது. தரகருக்கு ஒரு மாத வாடகையை முணுமுணுக்காது எடுத்துக் கொடுக்கும் நாம், நொத்தாரிசின் கூலிக்கு மாத்திரம் ஏன் கை இறுகுகிறோம்?

மாதந்தோறும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அடிக்கட்டையுள்ள சிறு புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். பெயர், வீட்டிலக்கம், எந்த மாதத்து வாடகை, எவ்வளவு, வாங்கிய திகதி: இவ்வளவே. சீட்டுக் கொடுத்தால் குடியிருப்பவருக்கு உரிமை வந்துவிடும் என்று அஞ்சி மறுக்கும் வீட்டுக்காரரை யான் அறிவேன். உரிமை சீட்டினால் வருவதன்று. வாடகை வாங்கிக் குடியிருத்தியதனால் வருவது. சீட்டில்லாவிடினும் அயலவர் சாட்சி சொல்வர். வங்கிக் கணக்கும் சொல்லும். சீட்டை மறுப்பவர் தம் கைச் சான்றைத் தாமே எரிப்பவராவார்.

அச்சீட்டு வீட்டுக்காரரை மட்டும் காப்பதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்போர் என்பது அவர்கள்மேல் சொல்லப்பட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் பின்னர் வருத்தம் தெரிவித்தது. அக்காலத்தில் இந்நகரில் குடியிருந்த தமிழரெவரும், கதவு தட்டப்படும் ஓசை கேட்டதும் முதலில் தேடியது அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையுமே. ‘இவர் என் வீட்டில் இருக்கிறார்’ என்று தம் பெயரைப் பதிவில் எழுதிக் கையொப்பமிட்ட வீட்டுக்காரரும் இருந்தனர். ‘எனக்கேன் வில்லங்கம்’ என்று ஒதுங்கியோரும் இருந்தனர். அந்நாள் போயிற்று. ஆனால் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வேலைக்கும் வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து இங்கு வருபவருக்கு, தாம் எங்கே வாழ்கிறோம் என்று காட்டும் தாள் இன்றும் வேண்டியே இருக்கிறது. அதை எழுதித் தர ஐந்து நிமிடம் போதும்.

முற்பணம் பற்றிச் சற்று நின்று பேசல் வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை நுகர்வார். பணம் மீண்டதும் காணி மீளும். முற்பணமோ ஒற்றியன்று. ஒற்றிக்காரர் வாடகை கொடுப்பதில்லை. முற்பணக்காரர் அதையும் கொடுத்து, மாதந்தோறும் வாடகையும் கொடுக்கிறார். ஆதலின் அப்பணம் வீட்டுக்காரருடையதாகாது. அவரிடம் இருக்கும் பிறர் பணம். மகளின் கலியாணத்துக்கோ குளியலறை ஓட்டுக்கோ அதைச் செலவிட்டுவிட்டு, அடுத்த குடி வந்து முற்பணம் தரும்வரை முன்னவரை அலையவிடுவது வெள்ளவத்தையில் வழக்கமாகிவிட்டது. வழக்கமானதால் அது நேர்மையாகிவிடாது. அதை வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். அது மாதாமாதம் வாடகையிற் கழிவதா, வெளியேறுகையில் முழுதும் திருப்புவதா என்பதையும் உறுதியில் எழுதுவியுங்கள். தொகையை எழுதி, இதை எழுதாது விட்டோர் பலர்.

மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரிலேயே வருவன. நிலுவையும் அவர் தலையிலேயே விழும். குடிவரும் அன்றே மானியின் எண்ணைக் குறித்து இருவரும் ஒப்பமிடுக. பின்னர் மாதந்தோறும் செலுத்திய துண்டைக் கேட்டு வாங்குக. சோலைவரி வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆண்டுத் தொகையைச் சனவரி முடியுமுன் கட்டுவோருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. கடலோர ஒழுங்கைகளில் யன்னற் கம்பியையும் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பையும் உப்புக்காற்று தின்னும். மே மாத மழைக்கு முன் பார்த்துவிடல் நன்று.

வாடகை தராதவரின் தண்ணீரை அடைப்பது, விளக்கை அணைப்பது, அவர் வெளியே போன நேரம் பூட்டை மாற்றுவது ஆகியவற்றைச் சிலர் சாமர்த்தியம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீதிமன்றம் வெளியேற்றியவரை மீளக் குடியிருத்தும். நியாயம் நம் பக்கம் இருந்த வழக்கிலே நாமே குற்றவாளியாக நிற்போம்.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குட்பட்ட வீட்டில் வாடகைக்கு வரம்பு உண்டு; குடியிருப்பவர் இறப்பின் அவர் குடும்பத்தவருக்கு உரிமை தொடரும்; வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டலாம். 1980ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வாண்டுத் தொடக்கத்தின் பின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளை இக்கட்டிலிருந்து விடுவித்தது. ஆகவே மலிவென்று குடியோடு கூடிய பழைய வீட்டை வாங்குபவர், சுவரின் வயதையும் குடியின் வயதையும் சட்டத்தரணியிடம் சொல்லிக் கேட்ட பின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும். சொந்த வீட்டுக்குள் நுழைய இயலாமல் பிறர் வீட்டில் வாடகைக்கு இருந்து மூப்படைந்தோர் இந்நகரில் உளர். மறுபுறம், அக்குறைந்த வாடகையை நம்பியே மூன்று தலைமுறை பிள்ளை வளர்த்த ஏழைகளும் உளர். இதில் யாரைப் பழிப்பது?

மொழி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் குத்தகை உறுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. விளங்காத தாளில் ஒப்பமிட்டவர் பின்னர், “எனக்கு இது தெரியாதே” என்பார்; அது பொய்யுமன்று. தமிழ் தெரிந்த நொத்தாரிசிடம் தமிழிலேயே எழுதுவிக்கலாம். வீட்டிலுள்ள பொருட்களின் பட்டியலையாவது நம் கையால் தமிழில் எழுதலாம். என் மேல்மாடிக்கு இப்போது வந்திருக்கும் தம்பியிடம், மின்விசிறி இரண்டு, திறப்பு மூன்று, தண்ணீர்க் குழாய் நான்கு என எழுதிய பட்டியலை நீட்டினேன். அவர் நிதானமாக வாசித்து, “ஐயா, தண்ணீருக்குப் பிறகு ஓர் ஒற்று விடுபட்டிருக்கு” என்றார். ககர ஒற்றை இடையில் நுழைத்து, அத்திருத்தத்தின் அருகே இருவரும் சுருக்கொப்பமிட்டோம்.