நடைப்பிணங்களும் நவீன படையும்

நடைப்பிணங்கள் பெருகி நாடுகளை விழுங்க முற்படின், நவீன படையொன்று அவற்றின் முன் தாக்குப்பிடிக்குமா என்னும் வினாவை மேலைநாட்டுப் புனைகதையும் திரைப்படமும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பி வருகின்றன. அவை அளிக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. முதலாம் அத்தியாயத்திலோ முதற் காட்சியிலோ படை சிதறிவிடும். தாங்கிகள் தெருவோரத்திற் கைவிடப்பட்டுக் கிடக்கும். எஞ்சிய சிலர் துப்பாக்கியும் கையுமாகப் பாழடைந்த நகரங்களில் அலைவர். இவ்விடையை இரசிகர் பலர் வேதவாக்காகக் கொண்டுள்ளனர். ஏற்காதோர், தோட்டாக்களின் தொகையையும் பிணங்களின் தொகையையும் கணக்கிட்டுப் பார்த்துப் படையே வெல்லும் என்கின்றனர். இரண்டாமவர் கூறும் முடிவு சரி. அதற்குக் காட்டும் காரணம் போதாது. முதலாமவரோ முடிவிலுந் தவறுகின்றனர், அம்முடிவினாற் பரப்பும் பாடத்திலுந் தவறுகின்றனர்.

கற்பனைப் பிணங்களுக்கு இத்துணை ஆராய்ச்சியா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பரணி நூலிற் பேய்கள் கூழ் அட்டு உண்ணுங் காட்சியை ஆராய்ந்து பட்டம் பெறுந் துறையினர் அவ்வாறு சுளித்தல் பொருந்தாது. ஆயினும் ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. பரணியிற் படை வென்ற பின்னரே பேய்க்கு உணவு; களத்தில் வீழ்ந்தோர் வீழ்ந்தோரே. வீழ்ந்தவர் எழுந்து வருவரென்றும், அவ்வாறு வருவோர் நேற்றுவரை அயலவராய் இருந்தோரென்றும் கூறுவது இன்றைய மேலைக் கற்பனை. அக்கற்பனை எதனை நியாயப்படுத்துகின்றது என்பது விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

படை தோற்குமென வாதிடுவோரின் முதன்மைச் சான்று, மக்ஸ் புறூக்ஸ் 2006இல் வெளியிட்ட 'உலகப்போர் இஸட்' என்னும் நாவலில் வரும் யொங்கேர்ஸ் சமராகும். நியூயோர்க் நகரின் வடக்கே அமெரிக்கப் படை தன் நவீன கருவிகளைக் குவித்து நிற்கின்றது. நகரிலிருந்து வெளியேறும் பிணத்திரள் அதனை மூழ்கடிக்கின்றது. இத்தோல்வியை நிகழ்த்திக் காட்ட ஆசிரியர் படும்பாடு சிறிதன்று. தாங்கிகளுக்குப் பொருந்தாத குண்டுகள் வழங்கப்படவேண்டியிருக்கின்றது; பீரங்கிகளுக்குக் குண்டுகள் போதாதிருக்க வேண்டியிருக்கின்றது; தளபதிகள் சமரைச் செய்தியாளருக்கான காட்சியாக நடத்தவேண்டியிருக்கின்றது. வெடியதிர்வு பிணத்தைப் பாதிக்காது என்றுஞ் சொல்லப்படுகின்றது. அச்சமும் வலியும் அற்ற உடலுக்கும் தொடையெலும்பு உண்டு; அது முறிந்தால் உடல் நடவாது. இரு உலகப் போர்களிலும் பெருந்தொகையானோரை வீழ்த்தியவை பீரங்கிக் குண்டுகளின் சிதறல்களே. எதிரியின் மனநிலையை விசாரித்துக்கொண்டு அவை தசையைக் கிழிப்பதில்லை. 60 தொன்னுக்கு மேல் எடையுள்ள தாங்கியொன்று குண்டே இல்லாவிடினும் உருண்டு செல்லும். இவையாவற்றையும் அறிந்தவர் போல, அதே ஆசிரியர் பின்னைய பகுதிகளில், ஒழுங்காக அணிவகுத்து நிதானமாகச் சுடும் படைவீரரைக்கொண்டு அதே பிணங்களை வெல்ல வைக்கின்றார். யொங்கேர்ஸை மேற்கோள் காட்டுவோர் அப்பக்கங்களை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் நோக்கத்தக்கது. 1898 செப்டெம்பர் 2ஆந் திகதி சூடானின் ஓம்டுர்மான் நகருக்கு வெளியே, ஏறத்தாழ 50,000 பேர் கொண்ட மஹ்தியப் படை, அதிற் பாதியளவினதான கிச்சினரின் ஆங்கிலோ-எகிப்தியப் படையை நோக்கித் திறந்தவெளியிற் பாய்ந்தது. நண்பகலாவதற்குள் 10,000க்கு மேற்பட்ட மஹ்தியர் மாண்டனர். கிச்சினர் தரப்பில் இறந்தோர் 50 பேருக்குங் குறைவு. பீரங்கியும் மக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியும் நைல் நதியில் நின்ற சுடுகலங்களும் செய்த வேலை அது. அறிவும் அஞ்சாமையும், ஓரளவு துப்பாக்கிகளுங்கூட உடைய மனிதர் கடக்கமுடியாத அந்நிலத்தை, விரைந்து நடக்கவும் பதுங்கவும் அறியாத பிணங்கள் கடக்கும் என்பது எவ்வகை நியாயம்? அதன் பின்னர் 120 ஆண்டுகளுக்கு மேலாகப் படைக்கலங்கள் பின்னோக்கி வளரவில்லை.

இதற்கு மறுப்பாக இசண்டல்வானாவைச் சிலர் காட்டுவர். 1879 ஜனவரி 22இல் ஏறத்தாழ 20,000 சூலு வீரர் ஆங்கிலேயரின் முகாமொன்றை அழித்து, 1,300க்கு மேற்பட்டோரைக் கொன்றது மெய்யே. ஆனால் சூலுக்கள் வென்றது எண்ணிக்கையால் மட்டுமன்று. எருதின் நெஞ்சும் கொம்புகளும் போல அணிவகுத்து, நடுப்பகுதி எதிரியைப் பிடித்துவைத்திருக்கப் பக்கவணிகள் சுற்றிவளைத்தன. அதுவரை மறைந்திருக்கவும் அவர்கள் அறிந்திருந்தனர். திட்டமிடும் மனிதனே படைக்கு ஆபத்தானவன். நடைப்பிணத்துக்கு இல்லாத ஒன்று அதுவே.

இனி, படை தோற்பது சமரில் அன்று, தொற்றினால் என்பர். இவ்வாதம் முன்னையதிலுஞ் சிறந்தது. ஆயினும் நோயியல் இதற்கு ஆதரவளிக்கவில்லை. 2003இல் பரவிய சார்ஸ் நோய் ஏறத்தாழ 8,000 பேரைப் பீடித்து 774 பேரைக் கொன்றபின், அவ்வாண்டு நடுப்பகுதியிலேயே கட்டுப்படுத்தப்பட்டது. நோயாளி பெரும்பாலும் குறிகள் தோன்றிய பின்னரே பிறருக்குத் தொற்றச் செய்தமையால் அவரை இனங்கண்டு பிரித்துவைக்க முடிந்தது. 2020இல் உலகெங்கும் பரவிய கோவிட் நோயை அவ்வாறு தடுக்க இயலாமற் போனமைக்குப் பெருங்காரணம், குறி தோன்றுமுன்னரே அது தொற்றியமையாகும். பெரியம்மையை 1980இல் உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தமைக்குக் கொப்புளங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் ஒரு காரணம். அழுகிய முகத்துடன் முனகியவாறு தெருவில் வருவதைக் காட்டிலும் வெளிப்படையான நோய்க்குறி வேறு யாது? கடியினாற் பரவும் நோய்க்கு விசர்நாய்க்கடி நோய் நெடுங்காலச் சான்றாக உள்ளது. அது கொடிது, குறி தோன்றியபின் தப்புவோர் அரிது. எனினும், மனிதரிடையே அது பெருந்தொற்றாகப் பரவியதில்லை.

கனடாவின் ஒட்டாவா நகரப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கணிதவியலாளர் நால்வர் 2009இல் இத்தொற்றுக்கு ஒரு கணித மாதிரியை அமைத்து, விரைந்தும் மீண்டும் மீண்டும் வலுவாகவும் தாக்கினாலன்றி நாகரிகம் அழியுமென முடிவு கூறினர். நோய்ப் பரவலைக் கற்பிப்பதற்கு அது நல்ல பயிற்சி. ஆனால் அம்மாதிரியில் இறந்தோரும் பிணமாக எழுகின்றனர். கல்லறை ஓயாது வீரரை வழங்கும் போரில் எவரும் தோற்பரென்பது கணிதத்தின் கண்டுபிடிப்பன்று, எடுகோளிலேயே இட்டுவைத்த பொருள்.

அவ்வாறாயின் படைகள் அழிவதேயில்லையா? அழிகின்றன, வேறு வழிகளில் அழிகின்றன. ஸொம்பி என்னுஞ் சொல்லை உலகுக்குத் தந்த ஹெயிற்றியே இதற்குத் தக்க சான்று. சென் டொமிங் என அந்நாடு வழங்கப்பட்ட காலத்தில், அடிமைகளின் கிளர்ச்சியை ஒடுக்கவென நெப்போலியன் 1801இன் இறுதியில் தன் மைத்துனன் லெக்கிளேர்க் தலைமையிற் பெரும் படையொன்றை அனுப்பினான். அன்றைய உலகின் மிகச் சிறந்த படைகளுள் ஒன்று அது. மஞ்சட்காய்ச்சல் அதன் பெரும்பகுதியைத் தின்றது. 1802 முடியுமுன் லெக்கிளேர்க்கும் அதற்கே இரையானான். எஞ்சியவரை, மீண்டும் அடிமைகளாக மறுத்த மக்கள் முறியடித்து, 1804 ஜனவரி 1ஆந் திகதி சுதந்திரம் அறிவித்தனர். அப்படையை வென்றவை கண்ணுக்குத் தெரியாத கிருமியும், உயிர்த்துடிப்புள்ள மனிதருமே.

அண்மைக்கால நிகழ்ச்சிகளும் இவ்வாறே பேசுகின்றன. 2020 மார்ச்சில் 'தியோடர் ரூஸ்வெல்ற்' என்னும் அமெரிக்க அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலிற் கோவிட் பரவி, ஏறத்தாழ 4,800 பேரில் 1,200க்கு மேற்பட்டோரைப் பற்றியது. இறந்தவர் ஒருவரே, ஆயினும் கப்பல் குவாம் தீவிற் பல வாரங்கள் கட்டுண்டு கிடந்தது. மாலுமிகளைக் கரையிறக்குமாறு கடிதம் எழுதிய கப்பற்றலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2014 யூனில் ஈராக்கின் மோசூல் நகரைக் காத்து நின்ற அரச படை, தன்னிலும் பன்மடங்கு சிறிய எதிரியின் முன் சில நாட்களிற் கலைந்தது. 2021 ஓகஸ்டில், ஏட்டளவில் 300,000 பேரைக் கொண்டிருந்த ஆப்கானிய அரசின் படைகள் காபூலைப் போரின்றியே கைவிட்டன. ஏட்டில் மட்டும் வாழ்ந்த வீரர், வந்துசேராத சம்பளம், நம்பிக்கைக்குரியதல்லாத தலைமை ஆகியவை ஒரு படையை எதிரி நெருங்குமுன்னரே பிணமாக்கிவிடும்.

புனைகதை தொட்டு விட்டுவிடும் உண்மை இங்கேதான் உள்ளது. காவலரணில் நிற்கும் வீரனுக்கு ஊரில் மனைவி மக்கள் உளர். அவர்கள் கதி தெரியாதபோது அவன் எத்தனை நாள் நிற்பான்? அமெரிக்கப் படையின் ஏப்ராம்ஸ் தாங்கி ஒருமுறை நிரப்பிக்கொள்ளும் எரிபொருள் ஏறத்தாழ 1,900 லீற்றர். அதனைச் சுத்திகரிப்பவன், ஏற்றி வருபவன், அவனுக்குச் சோறு தருபவன் ஆகியோர் இருக்குமளவே தாங்கியும் படைக்கலமாக இருக்கும். படை தப்புமா என்னும் வினாவே, சமூகத்தினின்று பிரித்தெடுத்த தனிப்பொருளாகப் படையைக் கருதுவதாற் பிறக்கும் மயக்கம். மின்நிலையத் தொழிலாளியும் மருத்துவத் தாதியும் பணிக்கு வரும்வரை படை தப்பும். இக்கதைகளோ அவர்களை முதற் பக்கத்திலேயே கொன்றுவிட்டு, துப்பாக்கி வைத்திருக்கும் தனிமனிதனை வரலாற்றின் நாயகனாக்குகின்றன. பேரிடர்களில் அயலாரே அயலாரை இடிபாட்டினின்று இழுத்தெடுப்பதும் சோறு சமைத்துப் பகிர்வதும் அனைவருங் கண்ட செய்தி. தனியனின் துப்பாக்கியை நம்பச் சொல்லுங் கலை, அச்செய்தியைக் கண்டும் காணாதது போல் நடிக்கின்றது.

இன்னும் கூர்ந்து நோக்கவேண்டியது, நடைப்பிணமென்னும் படிமம் அடைந்த மாற்றமாகும். ஹெயிற்றியரின் நம்பிக்கையில் ஸொம்பி எவரையும் தின்பதில்லை. அது ஆன்மா திருடப்பட்டு, இறந்தும் ஓய்வின்றிப் பிறருக்கு உழைக்கும் உடல்; அடிமையின் பேரச்சம் அதுவே. தமிழில் நடைப்பிணமென வழங்குவதும் வாழ்வின் பொருளிழந்து நடமாடும் மனிதனையே ஆதலின், அது ஹெயிற்றியர் கருத்துக்கு நெருங்கியது. 1915 முதல் 1934 வரை அந்நாட்டை அமெரிக்கப் படை ஆண்டது. வீதி அமைக்க மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தது. அக்காலத்திலேயே, 1929இல், சீபுறூக் என்னும் அமெரிக்கர் எழுதிய பயணநூல் கரும்புத்தோட்டத்திற் பிணங்கள் வேலை செய்யுங் கதையை அமெரிக்க வாசகரிடங் கொண்டுசென்றது. 1932இல் முதற் படம் வந்தது. பாதிக்கப்பட்டவனாகப் புறப்பட்டவன், திரையில் சில பத்தாண்டுகளில் படையெடுத்து வரும் எதிரியாகிவிட்டான். ஆக்கிரமிக்கப்பட்டவர் உருவை ஆக்கிரமிப்பவராகக் காட்டும் இவ்வித்தை, கலையுலகில் நிகழ்ந்த சிறிய கொள்ளையன்று.

இக்கொள்ளையின் பயனை ஓர் அரச ஆவணமே காட்டுகின்றது. அமெரிக்க மூலோபாயக் கட்டளையகத்தில் 2011இல், நடைப்பிணங்களை எதிர்கொள்வதற்கான திட்டமொன்று 8888 என்னும் இலக்கமிட்டு எழுதப்பட்டது. 2014இல் அது வெளியுலகிற்குத் தெரியவந்தது. இளம் அதிகாரிகளுக்குத் திட்டம் வரையப் பயிற்றுவதே அதன் நோக்கம். மெய்யான நாடுகளின் பெயரை இட்டுப் பயிற்றினால், பொதுமக்கள் அதனை உண்மைத் திட்டமெனத் தவறாகக் கருதக்கூடுமென்பதால் நடைப்பிணங்களைத் தெரிந்தெடுத்ததாக ஆவணமே விளக்குகின்றது. தூதரகம் வைத்து ஆட்சேபிக்க இயலாத ஒரே இனம் பிணங்கள் என்பது அதன் பொருள். புதைக்கப்பட்ட முட்டைக்கோழிகள் எழுந்து நடப்பதையும் அது ஒரு வகையாகக் குறிப்பிடுவதால் நகைத்து விட்டுவிடலாம். நகைக்க முடியாத பகுதி ஒன்றுண்டு: சட்டம் மனித உயிரையும் விலங்குயிரையும் பற்றியே படை நடவடிக்கைகளை வரையறுக்கின்றதாதலால், நடைப்பிணங்களுக்கு எதிராகச் செய்யக்கூடியவற்றுக்கு ஏறத்தாழ எத்தடையும் இல்லையென அது கூறுகின்றது. பயிற்சி ஏட்டில் வந்த வாக்கியமாயினும், இக்கதைகள் அனைத்தின் ஈர்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது. கூட்டத்தை நோக்கிச் சுடலாம். கைதிகள் இல்லை, காயமுற்றோர் இல்லை, விசாரணை இல்லை. ஓம்டுர்மானிற் காயமுற்றுக் கிடந்தோர் கொல்லப்பட்டமை அக்காலத்து இங்கிலாந்திலேயே கண்டனத்துக்குள்ளாயிற்று. வீழ்ந்து கிடந்தோர் பிணங்களென்று முன்னரே கூறப்பட்டிருப்பின் கண்டிப்பவர் எவர்?

ஆகவே படை தப்பும். அதனருகே யார் தப்புவர், இன்னார் பிணமென்று தீர்ப்பவர் யார் என்பவையே எஞ்சும் வினாக்கள். இவ்வகைப் படங்களுட் சிறந்தவை இவ்வினாக்களை மறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2007இல் வந்த '28 வாரங்களின் பின்' என்னும் படத்தில், லண்டனைக் காக்கும் அமெரிக்கப் படை, நோயுற்றவரையும் உறாதவரையும் பிரித்தறிய முடியாதபோது அனைவரையுஞ் சுடுமாறு கட்டளை பெறுகின்றது. 1968இல் ஜோர்ஜ் றொமேறோ எடுத்த 'உயிருள்ள பிணங்களின் இரவு' இம்மரபின் தாய்ப்படம். படை தோற்குமென்போர் அதன் இறுதியை மீண்டும் பார்ப்பது நன்று. அதில் அதிகாரம் சிதறவில்லை. விடியும்போது உள்ளூர்க் காவல் அதிகாரியின் தலைமையிற் துப்பாக்கியேந்தியோர் வயல்களிற் பரவி, பிணங்களை ஒவ்வொன்றாக வீழ்த்திக்கொண்டு வருகின்றனர். இரவு முழுவதும் தனி வீட்டிற் போராடித் தப்பிய பென் என்னுங் கறுப்பின இளைஞன் அவ்வோசை கேட்டு நிலவறையிலிருந்து யன்னலுக்கு வருகின்றான். வெளியே நின்றவர் அவனைப் பார்க்கின்றனர், குறி பார்த்துச் சுடுமாறு அதிகாரி சொல்கின்றார், ஒருவன் சுடுகின்றான். பின்னர், கொக்கிகளுடன் வீட்டினுள் வந்தவர்கள் அவனுடலை மற்றையவற்றோடு விறகின்மேல் இட்டு எரிக்கின்றனர்.