பதுளைக்குப் போக ஒரு பெட்டி போதும்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிவிட்டால், "மலைநாட்டுப் பக்கம் ஒரு தரம் போய் வருவோமே" என்ற பேச்சு அநேக வீடுகளில் எழும். பதுளையில் சாச்சி வீடு, பண்டாரவளையில் மாமி வீடு, தோட்டத்துக் கடை வீதியில் இருக்கும் நானாவின் மகளுக்குக் கலியாணம் என்று ஏதாவது ஒரு காரணமும் இருக்கவே இருக்கும். பேச்சு எழுந்த மறுநிமிடமே வீட்டுப் பெண்களின் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: எதை உடுப்பது, எதை எடுத்துப் போவது? கடைசியில் நான்கு நாள் பயணத்துக்கு மூன்று சூட்கேஸ் கட்டி வாசலில் வைத்துவிடுகிறோம். ஆண்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுடைய ஷேட்டும் சாரமும் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன என்பது வேறு விஷயம்!

இந்தப் பெட்டிகளை ஒன்றாகக் குறைக்க முடியுமா என்று இந்த மாதம் பார்ப்போம், சகோதரிகளே.

முதலில் போகும் ஊரை அறிந்துகொள்ள வேண்டும். ஊவா என்றாலே குளிர் என்று நினைத்து, அலுமாரியில் உள்ள கம்பளி உடுப்பையெல்லாம் வாரி எடுத்துப் போடுகிறோம். அது பாதிதான் சரி. 1924 இல் பதுளையை எட்டிய ரயில் பாதை பட்டிப்பொலை அருகே ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்துக்கு ஏறி, பிறகு ஓகியா, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று படிப்படியாக இறங்குகிறது. ஹப்புத்தளை சுமார் 1,430 மீற்றர், பண்டாரவளை சுமார் 1,225, எல்ல 1,040. பதுளை நகரமோ 680 மீற்றர்தான். ஒவ்வொரு 100 மீற்றர் ஏறும்போதும் சூடு சுமார் 0.65 பாகை குறைகிறது. அந்தக் கணக்கின்படி கொழும்பில் 30 பாகை வெயில் எரிக்கும் நேரத்தில் பட்டிப்பொலையில் 18 பாகையும், பதுளையில் 25, 26 பாகையும் இருக்கும். பதுளைப் பகலுக்குக் கம்பளிச் சட்டையே தேவையில்லை. மஹியங்கனைக்கோ வெல்லவாயவுக்கோ இறங்கினால் வேர்த்துக் கொட்டும். இரவும் விடியற்காலையும் மட்டும் எங்கும் குளிரும்.

ஆக ஒரே நாளில் மூன்று காலநிலை. தடித்த சுவெட்டர் ஒன்றை நம்பிப் போனால், அதைப் போட்டால் வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். அதற்குப் பதிலாக மெல்லிய உடுப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அணிவதுதான் புத்தி. இரண்டு துணிகளுக்கு இடையே அடைபடும் காற்று உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்கும். உள்ளே கையுள்ள பருத்தி பெனியன், அதன் மேல் சல்வாரோ ஹபாயாவோ, அதற்கு மேல் முன்பக்கம் திறக்கும் மெல்லிய கம்பளி மேற்சட்டை ஒன்று. ரயிலில் ஏற ஏற ஒவ்வொன்றாகப் போட்டு, இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மேற்சட்டை புதிதாகத்தான் வேண்டும் என்றும் இல்லை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் குளிர் உடுப்புகளில் மிஞ்சியவை நுவரெலியாவின் பேல் பஜாரில் குவிந்து கிடக்கின்றன. அந்த வழியாகப் போகிறவர்கள் பேரம் பேசி வாங்கலாம். தையலும் ஸிப்பும் சரியா என்று பார்த்து வாங்குங்கள்.

இனிப் பருவம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் நல்ல மழை. அந்த மாதங்களில் தோட்டப் பக்கம் துவைத்துப் போட்ட பருத்தித் துணி இரண்டு நாளானாலும் ஈரம் போகாமல் ஒரு வாடை வீசும். ஜோர்ஜெட், கிரேப் போன்றவை இரவில் கழுவிக் கொடியில் போட்டால் காலையில் உடுக்கலாம், அயனும் தேவையில்லை. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் இதற்கு நேர்மாறு. தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணமே இந்தக் காற்றுத்தான் என்பார்கள். தேயிலைக்கு நல்லது, நமது முக்காட்டுக்கு ஆகாது! ஹப்புத்தளை வீதியில் வழுக்கும் ஜோர்ஜெட் ஓடனியைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒரு கை எப்போதும் தலையில்தான் இருக்கும். அங்கே பருத்தி ஓடனிதான் தலையில் நிற்கும். சேப்டி பின் ஒரு கொத்து கைப்பையில் இருக்கட்டும். உதடு வெடிக்கும், கொஞ்சம் வாசலினும் வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். பெட்டி பெருப்பதற்கு உண்மையான காரணம் குளிரல்ல, பொருத்தம் பார்ப்பதுதான். இந்தச் சட்டைக்கு அந்த ஓடனி, அந்த ஓடனிக்கு இந்தச் செருப்பு என்று ஒன்று மூன்றை இழுத்து வருகிறது. அடிநிறமாகக் கறுப்போ சாம்பலோ கருநீலமோ ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஹபாயா, சல்வாரின் காற்சட்டை, மேற்சட்டை, சப்பாத்து எல்லாம் அந்த நிறத்தில் இருக்கட்டும். அழகெல்லாம் ஓடனியிலும் கமீஸிலும் வரட்டும். இரண்டு கமீஸும் மூன்று ஓடனியும் இருந்தால் ஆறு விதமாக உடுக்கலாம்; பார்ப்பவர்களுக்கு ஆறு உடுப்பாகத்தான் தெரியும். ஹபாயா அதற்கும் மேல். பஸ்ஸில் அதுவே பயண உடுப்பு, வழியில் தொழ அதுவே போதும், கலியாண வீட்டுச் சமையலறையில் நல்ல சாரியை மூடவும் அதுவே.

கலியாணச் சாரியைப் பற்றித்தான் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. "போன கலியாணத்துக்கும் இதைத்தானே உடுத்தாள்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் கடன்படுகிறார்கள், எத்தனை பேர் கலியாணத்துக்கே போகாமல் "பிள்ளைக்குச் சுகமில்லை" என்று ஆள் அனுப்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதிலும் தோட்டப் பக்கத்துச் சொந்தங்களின் வீட்டுக்குப் போகிறோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வருவதற்குப் பல வருடப் போராட்டம் நடந்து, அது 2021 இல்தான் கிடைத்தது. 2024 செப்டெம்பரில் 1350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. நாம் கட்டிக்கொண்டு போகும் சாரியின் விலையை அந்தத் தொகையால் வகுத்துப் பார்த்தால் எத்தனை நாள் கொழுந்து என்பது தெரியும். அந்தத் தோட்டத்துச் சம்பளத்தை நம்பித்தான் கடை வீதியில் நம் சொந்தங்களின் வியாபாரமும் ஓடுகிறது. மழைக்குக் கூரை ஒழுகும் வீட்டில், விருந்தாளி மணிக்கொரு புடவை மாற்றினால் வீட்டுக்காரி எங்கே போய் நிற்பாள்? ஒரே சாரி, இரண்டு ரவிக்கை எடுத்துப் போங்கள். முதல் நாள் ஒரு ரவிக்கை, வலீமாவுக்கு மற்றது. முந்தானையை விடும் விதத்தை மாற்றினாலே போதும். சாரியை மடிக்காமல் பழைய துவாயில் வைத்துச் சுருட்டினால் மடிப்புக் கோடு விழாது.

அங்கே போனால் கொழுந்து பறிக்கும் பெண்களின் உடுப்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சுற்றுலாப் பயணிகள் அந்த உடுப்பைப் போட்டுக் கூடையும் மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், வேடம் போடுவதுபோல. அது எனக்குப் பிடிப்பதில்லை. அந்த உடுப்பில் காரணமில்லாமல் ஒன்றும் இல்லை. செடியின் கிளை கீறாமல் இருக்க நீண்ட கைச் சட்டை, பெரும்பாலும் வீட்டு ஆண்களின் பழைய ஷேட். பனியில் நனைந்த தேயிலைச் செடி பாவாடையை நனைக்காமல் இடுப்பைச் சுற்றிப் படங்கு. கூடைக் கயிறு நெற்றியை அறுக்காமல் தலையில் மடித்த துணி. முன்பெல்லாம் மழைக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்துவார்கள். நனைந்தாலும் சூடு தரும் குணம் கம்பளிக்கு உண்டு. இப்போது பெரும்பாலும் பொலித்தீன்தான். நாமும் தேயிலைச் செடிகளுக்கிடையே நடக்கப் போவதானால் அழகுச் செருப்பை வீட்டில் வைத்துவிட்டு, வழுக்காத அடியுள்ள மூடிய சப்பாத்தும் நீண்ட மேஸும் அணிய வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். கணுக்காலுக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. நனைந்த சப்பாத்துக்குள் இரவில் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு செட் கூடவே வேண்டும், அதுவும் பெட்டிக்குள் அல்ல, கைப்பையில். பலாங்கொடை வழியாக பஸ்ஸில் போனால் பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளில் வாந்தி எடுக்காத பிள்ளை குறைவு.

இன்னொரு பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கிய விதமும், ரயில் பாதை பல இடங்களில் உடைந்ததும் நம் கண்முன் நடந்தவை. மழைக்காலத்தில் மலைச்சரிவில் உள்ள வீட்டில் தங்குவதானால், படுக்கும்போது ஒரு சிறு பை தலைமாட்டில் இருக்க வேண்டும். அடையாள அட்டை, மருந்து, டோர்ச், ஒரு மாற்று உடுப்பு, உள்ளாடை, மாதவிலக்குக்கான துணி, தலையும் உடம்பும் மறையும் பெரிய சால்வை ஒன்று. இரவில் எழுந்து ஓட நேர்ந்தால் சால்வையைத் தேடி நிற்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. புறப்படுமுன் பதுளைப் பக்கம் ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை அடுக்கும்போது சப்பாத்து அடியில், சுருட்டிய துணிகள் நடுவில், மேற்சட்டையும் குடையும் மேலே. பழைய தலையணை உறை ஒன்றையும் மடித்து வையுங்கள். போகும்போது அதற்குள் சால்வையைத் திணித்தால் ரயிலில் தலைக்கு வைத்துக்கொள்ளலாம், வரும்போது அழுக்குத் துணி அதற்குள் போகும். பெட்டியில் மிஞ்சும் இடத்துக்கு மாமி எப்படியும் வெலிமடை உருளைக்கிழங்கைக் கட்டித் தருவார்.